பிள்ளைகளுக்கு ரிப்பேர் வகுப்பு: ஜிப்பில் தொடங்கி அயர்ன் பாக்ஸ் வரை

பிள்ளைகளுக்கு ரிப்பேர் சொல்லித்தர நாலு பேர் கூடினால், முதல் நாளே ஒரு பழைய மிக்ஸியைக் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். மிக்ஸி நல்ல பாடம்தான். முதல் பாடம் அல்ல. அடித் திருகு துருப்பிடித்து இறுகியிருக்கும், உள்ளே தூசும் மசாலாவும் அப்பியிருக்கும், பத்தாவது நிமிடத்தில் ஸ்குரூடிரைவர் பெரியவர் கைக்குப் போய்விடும். அப்புறம் பிள்ளைகளுக்கு வேடிக்கை பார்ப்பதுதான் வேலை.

ஆறாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை படிப்பவர்களுக்கு, விடுமுறை நாளில் ஒன்றரை மணி நேரம், ஊர் நூலகத்திலோ பள்ளி வராந்தாவிலோ நடத்தும் வகுப்புக்கான குறிப்பு இது. வரிசை முக்கியம். முதலில் கரண்டே இல்லாத பொருள்கள், அடுத்து பேட்டரி செல் போட்டவை, கடைசியில்தான் 230 வோல்ட். முதல் இரண்டையும் தன் கையால் முடித்த பிள்ளையைத்தான் மூன்றாவதுக்கு உட்கார வைக்க வேண்டும்.

மேசையில் என்ன இருக்க வேண்டும்

இரண்டு பிள்ளைகளுக்கு ஒரு செட் என்று கணக்கு. ஸ்டார் ஸ்குரூடிரைவர் சின்னது ஒன்று, நடுத்தரம் ஒன்று. பட்டை ஸ்குரூடிரைவர் ஒன்று. கட்டிங் பிளேயர், நோஸ் பிளேயர். உப்புத்தாள் ஒரு துண்டு. பழைய பல் பிரஷ். பொதுவில் ஒரு ரெஞ்ச், ஒரு ஸ்பேனர் செட், பீப் ஒலி வரும் மல்டிமீட்டர் இரண்டு. பிடி தடித்த ஸ்குரூடிரைவராகப் பார்த்து வாங்குங்கள். மெல்லிய பிடியைப் பிள்ளையால் அழுத்திப் பிடிக்க முடியாது. அழுத்தம் குறைந்தால் நுனி வழுக்கும், வழுக்கினால் திருகின் தலை மழுங்கும். மழுங்கிய திருகு ஒன்று போதும், அந்த வகுப்பே அதோடு முடிந்தது.

கழற்றிய திருகு வைக்க இட்லித் தட்டைவிட நல்ல சாமான் கிடையாது. முதலில் கழற்றியது முதல் குழியில், அடுத்தது அடுத்த குழியில். மாட்டும்போது கடைசிக் குழியிலிருந்து திரும்பி வர வேண்டும். திருகுகள் நீளத்தில் வித்தியாசப்படும் என்பதால்தான் இவ்வளவு கெடுபிடி. குட்டைத் திருகு இருந்த இடத்தில் நீளத் திருகை ஏற்றினால் அது உள்ளே ஒயரைக் குத்தும், அல்லது வெளிப் பிளாஸ்டிக்கைப் பிளக்கும்.

பிளாஸ்டிக்கில் திருகை மறுபடி மாட்ட ஒரு வழி உண்டு. திருகைக் குழியில் வைத்து, முதலில் கழற்றும் பக்கமாகவே மெல்லத் திருப்ப வேண்டும். ஒரு இடத்தில் ‘டக்’கென்று இறங்கும். பழைய மரையின் வாய் அது. அங்கிருந்து இறுக்கினால் திருகு பழைய மரையிலேயே போகும். எடுத்த எடுப்பில் இறுக்கினால் புது மரை வெட்டும். இரண்டு மூன்று தடவை அப்படி வெட்டினால் குழி தளர்ந்து திருகு சும்மா சுற்றும். இதைப் பிள்ளைகள் காதால் கற்றுக்கொள்கிறார்கள். அந்த ‘டக்’கைக் கேட்டுவிட்ட பிள்ளைக்கு இரண்டாம் முறை சொல்லத் தேவையில்லை.

ஒவ்வொரு பொருளோடும் ஒரு சீட்டு. திறப்பதற்கு முன் பிள்ளை அதில் மூன்று பதில் எழுத வேண்டும்: என்ன செய்கிறது, என்ன செய்யவில்லை, எப்போதிலிருந்து. ‘ஃபேன் ஓடலை’ என்று எழுதினால் திருப்பிக் கொடுங்கள். ‘சுவிட்ச் போட்டால் உறுமுகிறது, சுற்றவில்லை, கையால் தள்ளிவிட்டால் சுற்றுகிறது’ என்று எழுதினால் பாதி ரிப்பேர் முடிந்த மாதிரி. வீட்டில் கேட்டுவிட்டுத்தான் கொண்டுவந்தார்களா, வாரண்டி இருக்கிறதா என்பதையும் அதே சீட்டில் கேட்டுவிடுவது நல்லது. சொல்லாமல் தூக்கி வந்த மிக்ஸியைப் பிரித்துப் போட்டால் மறுநாள் காலை அந்த வீட்டில் சட்னி கிடையாது. அடுத்த வகுப்புக்கு அந்தப் பிள்ளையும் வராது.

2009-ல் ஆம்ஸ்டர்டாமில் தொடங்கிய ரிப்பேர் கஃபேக்களில் பொருளைக் கொடுத்துவிட்டுப் போகும் வழக்கம் இல்லை. கொண்டுவந்தவரும் கூட உட்கார வேண்டும். பிள்ளைகள் வகுப்பில் இன்னும் ஒரு படி மேலே போக வேண்டும். சொல்லித்தருபவர் கையைப் பின்னால் கட்டிக்கொள்வது நல்லது. வேலை தெரிந்தவருக்குத்தான் இது கஷ்டம். கை தானாக நீளும். நாங்கள் வைத்திருக்கும் விதி: பிள்ளை கேட்டால் சொல்லலாம், காட்ட வேண்டுமானால் வேறொரு பழைய பொருளில் காட்டலாம், பிள்ளையின் பொருளைத் தொடக் கூடாது.

ஜிப்: முதல் பதினைந்து நிமிடம்

பள்ளிப் பை ஜிப்பைவிட நல்ல தொடக்கம் இல்லை. எல்லோரிடமும் இருக்கிறது, பாதிப் பேருடையது வாய் பிளந்து கிடக்கிறது. ரன்னரை இழுத்தால் போகும், ஆனால் பின்னால் பல் சேராது. பல் தேய்ந்துவிட்டது என்று நினைப்பார்கள். பெரும்பாலும் தேய்ந்தது பல் அல்ல, ரன்னரின் பின்வாய் அகன்றிருக்கிறது. அதனால் இரண்டு பக்கப் பல்லையும் சேர்த்து அமுக்க முடியவில்லை.

ரன்னரை ஜிப்பின் தொடக்கத்துக்குக் கொண்டுபோய், நோஸ் பிளேயரால் அதன் பின்பக்கத்தில் இடது விளிம்பை லேசாக ஒரு அமுக்கு, வலது விளிம்பை ஒரு அமுக்கு. இழுத்துப் பார். சேரவில்லையா, இன்னொரு அமுக்கு. ஒரே பிடியில் அழுத்தினால் ரன்னர் நகராமல் மாட்டிக்கொள்ளும், இல்லாவிட்டால் விரிசல் விடும். பல பைகளின் ரன்னர் துத்தநாகக் கலவை வார்ப்பு, வளையாது, உடையும். உடைந்தால் அதே அளவு ரன்னர் மாற்ற வேண்டும். பின்பக்கத்தில் 3, 5, 8 என்று எண் அச்சாகியிருக்கும், அதைச் சொல்லிக் கேட்டால் தையல் சாமான் கடையில் கிடைக்கும். பல்லே விழுந்திருந்தால் இந்த வேலை எடுபடாது; அந்த இடத்துக்குக் கீழே நூலால் தைத்து முடிச்சுப் போட்டு, ஜிப்பைக் கொஞ்சம் குட்டையாக்கிக்கொள்ளலாம்.

கம்பி நுனியிலிருந்து துணி விலகிய குடையும் இந்த நாளுக்கே உரியது. நைலான் நூல், நாலு தையல், முடிந்தது.

சொட்டும் குழாய்

இதைச் சுவரில் இருக்கும் குழாயில் ஆரம்பிக்கக் கூடாது. பழைய அரை இஞ்ச் பித்தளைக் குழாய் ஒன்றை இருபது லிட்டர் கேனின் அடியில் பொருத்தி, கேனை மேசைமேல் வைத்துக்கொள்ளுங்கள். குழாயை மூடியும் சொட்டினால் வாஷர் போச்சு. திறந்திருக்கும்போது கைப்பிடித் தண்டைச் சுற்றிக் கசிந்தால் அது கிளாண்ட், அதாவது தண்டைச் சுற்றியிருக்கும் அடைப்பு. இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லத் தெரிவதுதான் பாடத்தின் முதல் பாதி.

வாஷர் மாற்ற: தண்ணீரை நிறுத்து, குழாயைத் திறந்து மிச்சத்தை வடி. ஒரு ரெஞ்சால் குழாயின் உடலைப் பிடி, இன்னொரு ஸ்பேனரால் தலைப்பகுதியை இடப்பக்கம் திருப்பு. தலை கழன்றதும் உள்ளே ஜம்பரும் (வாஷரைத் தாங்கும் சின்னத் தண்டு) அதன் அடியில் ரப்பர் வாஷரும் தெரியும். பழைய வாஷரைப் பிள்ளையின் உள்ளங்கையில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். வட்டமாக ஒரு பள்ளம் விழுந்திருக்கும். சொட்டச் சொட்ட வீட்டில் எல்லோரும் இன்னும் இறுக்கி மூடியிருப்பார்கள், இறுக்க இறுக்க அந்தப் பள்ளம் ஆழமாகியிருக்கும். எதற்காக இறுக்கக் கூடாது என்பதற்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம்.

புது வாஷர் போடுவதற்கு முன் விரல் நுனியால் உள்ளே சீட்டிங்கை, அதாவது வாஷர் உட்காரும் பித்தளை விளிம்பை, தடவிப் பார்க்க வேண்டும். வழுவழுப்பாக இருந்தால் சரி. உப்புப் படிந்து சொரசொரவென்றோ, ஒரு இடத்தில் அரித்தோ இருந்தால் புது வாஷரும் சீக்கிரமே கிழியும். போர் தண்ணீர் வரும் வீடுகளில் இது சகஜம். உப்பை மட்டும் சுரண்டி எடுக்கலாம். பித்தளையே அரித்திருந்தால் குழாயை மாற்றுவதுதான் வழி. கால் சுற்றில் திறக்கும் புதுவகைக் குழாய்களில் வாஷர் கிடையாது; செராமிக் கார்ட்ரிட்ஜை முழுசாக மாற்ற வேண்டும். இல்லாத வாஷரைத் தேடிப் பிள்ளை பத்து நிமிடம் செலவழிக்காமல் முன்பே சொல்லிவிடுங்கள்.

வீட்டுக்குப் போய்ச் செய்யும்போது இரண்டு இடத்தில் இடறும். ஒன்று, அழுத்தம். பத்து மீட்டர் உயரத் தண்ணீருக்குத்தான் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அழுத்தம். மேசைக் கேனில் அதில் நூறில் சில பங்குதான் இருக்கும். இங்கே சொட்டாத குழாய் மொட்டைமாடித் தொட்டியின் அழுத்தத்தில் சொட்டலாம். இரண்டாவது, ஆபத்தானது: உடலைப் பிடிக்காமல் தலையை மட்டும் திருப்பினால் சுவருக்குள் இருக்கும் பைப்போடு சேர்ந்து குழாயே திரும்பும். உள்ளே சிபிவிசி எல்போ (பிளாஸ்டிக் வளைவு) இருந்தால் பிளக்கும். அப்புறம் டைல்ஸை உடைத்தால்தான் சரிசெய்ய முடியும். அதனால் பிள்ளைகளுக்கு ஒரு எல்லைக் கோடு போடுகிறோம்: குழாயின் தலையைக் கழற்றலாம், சுவரிலிருந்து குழாயைக் கழற்றக் கூடாது. டெஃப்லான் டேப் சுற்றக் கற்றுக்கொடுப்பது மேசையில் மட்டும். மரை நம்மைப் பார்த்திருக்க, கடிகார முள் சுற்றும் பக்கமாக இழுத்துச் சுற்ற வேண்டும். மறுபக்கம் சுற்றினால் முடுக்கும்போதே டேப் சுருண்டு வெளியே வந்துவிடும்.

சுவர்க் கடிகாரம்

நின்றுபோன கடிகாரத்தின் விநாடி முள் எங்கே துடிக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். ஒன்பதுக்குப் பக்கத்தில் நின்று மேலே ஏற முடியாமல் துள்ளிக்கொண்டிருந்தால் செல் தீர்ந்துவிட்டது. அந்த இடத்தில்தான் முள்ளைப் புவியீர்ப்புக்கு எதிராகத் தூக்க அதிக பலம் வேண்டும். மல்டிமீட்டரில் புது ஏஏ செல் 1.5 வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேலேயே காட்டும், 1.2-க்கு வந்துவிட்டால் மாற்ற வேண்டியதுதான். ரிமோட்டில் தீர்ந்த செல்லைக் கடிகாரத்தில் போட்டுப் பார்க்கும் வழக்கம் எல்லா வீட்டிலும் உண்டு. சில வாரம் ஓடவும் செய்யும். பிரச்சினை, தீர்ந்த செல்தான் கசியும்.

கசிந்திருந்தால் ஸ்பிரிங்கில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பொரிந்திருக்கும். சாதாரண துத்தநாக-கார்பன் செல்லின் கசிவு அமிலத்தன்மை உள்ளது; சோடா உப்பு கரைத்த தண்ணீரைப் பஞ்சில் தொட்டுத் துடைக்க வேண்டும். ஆல்கலைன் செல்லின் கசிவு காரம். அதற்கு எலுமிச்சைச் சாறோ வினிகரோ. இரண்டுக்கும் கையுறை. துடைத்துக் காயவைத்து, உப்புத்தாளால் உலோகம் பளிச்சிடும் வரை தேய்த்தால் போதும். அப்படியும் ஓடாவிட்டால் முட்கள் ஒன்றோடொன்றோ கண்ணாடியோடோ உரசுகின்றனவா பார்க்கவும். உரசாமலும் நின்றால் மெஷினை மாற்ற வேண்டும். தண்டின் நீளம் டயலின் தடிமனுக்கு ஏற்றதாக இருக்கிறதா என்று அளந்து வாங்குங்கள். கடிகாரத்துக்குள் ஃபெவிக்விக் வேண்டவே வேண்டாம், அதன் ஆவி கண்ணாடியில் வெள்ளையாகப் படியும்.

பிளக் உள்ள பொருள்கள்: விதி முதலில்

மூன்று பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர்; அதற்குமேல் வேண்டாம். காலில் செருப்பு, தரை உலர்ந்திருக்க வேண்டும். பொருளின் பிளக் பிள்ளையின் கண்ணெதிரே மேசைமேல் கிடக்க வேண்டும். சுவிட்சை அணைத்திருக்கிறோம் என்பதெல்லாம் கணக்கில் வராது. டெஸ்டர் எரியவில்லை என்பதும் பாதுகாப்புக்கு அத்தாட்சி அல்ல. மேசைக்கு வரும் இணைப்பில் 30 மில்லியாம்ப் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானே விழும் சுவிட்ச்) இருக்க வேண்டும், வகுப்புக்கு முன் அதன் டெஸ்ட் பட்டனை அமுக்கிப் பார்த்துவிட வேண்டும். அதை மட்டும் நம்பியிருக்கவும் கூடாது: ஒரு கையில் பேஸும் இன்னொரு கையில் நியூட்ரலும் பட்டால் அது விழாது. கரண்ட் கொடுத்துச் சோதிப்பது எப்போதும் பெரியவர் வேலை, அதுவும் மூடியைப் பூட்டிய பிறகு.

டேபிள் ஃபேனிலும் மிக்ஸியிலும் பிள்ளைகள் முதலில் முட்டிக்கொள்வது திருகும் திசையில். இரண்டுக்கும் ஒரே விதி போதும்: ஓடும்போது எந்தப் பக்கம் சுற்றுகிறதோ, அந்தப் பக்கம் திருப்பினால் கழலும். ஓட்டமே அதை இறுக்கிக்கொண்டு இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் மரையை அப்படி வெட்டியிருக்கிறார்கள். ஃபேன் இறக்கையின் நடு மூடியும், ஜாரின் பிளேடைச் சுழற்றும் மிக்ஸி கப்ளரும் இந்த ரகம்.

மெதுவாகச் சுற்றும் டேபிள் ஃபேனில் முதலில் இறக்கையைக் கையால் சுற்றிவிட்டுப் பார்க்கவும். சட்டென்று நின்றால் புஷ்ஷில் (தண்டு சுழலும் உலோக வளையம்) முடியும் காய்ந்த எண்ணெயும் சேர்ந்திருக்கிறது. துடைத்து, முன்னும் பின்னும் இரண்டு மூன்று சொட்டு தையல் மிஷின் ஆயில். தேங்காய் எண்ணெய் கூடாது. சில மாதத்தில் பிசினாகி முன்னைவிட இறுக்கும். கையால் சுற்றினால் தாராளமாகச் சுற்றியும் கரண்டில் மெதுவாக ஓடினால் கண்டென்சர். அதைத் தொடுவதற்கு முன் பெரியவர் அதன் இரு முனையையும் ஒரு குண்டு பல்பு வழியே டிஸ்சார்ஜ் செய்துவிட வேண்டும். மேலே 2.5 மைக்ரோஃபாரட் என்று அச்சிட்டு, மீட்டரில் 1.8 காட்டினால் மாற்ற வேண்டியதுதான். அதே மைக்ரோஃபாரட், அதே வோல்ட்டேஜ் அல்லது அதற்கு மேல். வேகம் கூடட்டும் என்று பெரிய மைக்ரோஃபாரட் போட்டால் வைண்டிங் சூடாகிக் கருகும்.

மிக்ஸி: 2011-ல் தொடங்கிய அரசின் விலையில்லாத் திட்டத்தில் வந்த மிக்ஸிகள் இன்னும் பல வீடுகளில் ஓடுகின்றன, அவையும் மேசைக்கு வரும். ‘செத்துப்போச்சு’ என்று வரும் மிக்ஸியில் முதலில் அடியில் இருக்கும் ஓவர்லோடு பட்டனைப் பார்க்கவும். ஆறவிட்டு அமுக்கினால் பல மிக்ஸிகள் உயிர்த்துவிடும். ஜாருக்கு அடியில் கறுப்புத் தூள் கொட்டிக் கிடந்தால் கப்ளர் தேய்கிறது. புதுக் கப்ளர் மாட்டுவதற்கு முன் ஜாரின் பிளேடைக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். துணி சுற்றிப் பிடித்து. ஜார் புஷ் இறுகியிருந்தால் அந்தக் காரணத்தைச் சரிசெய்யாமல் எத்தனை கப்ளர் போட்டாலும் தின்றுவிடும். வேகத்தில் பொறி பறந்தால் கார்பன் பிரஷ். ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும்.

அயர்ன் பாக்ஸ்

இதைக் கடைசிப் பாடமாக வைப்பதற்குக் காரணம், இதில் கணக்கும் இருக்கிறது, உயிர் ஆபத்தும் இருக்கிறது. முதலில் கணக்கு. வோல்ட்டை வோல்ட்டால் பெருக்கி வாட்டால் வகுத்தால் தடை, ஓம் கணக்கில். 1000 வாட் என்றால் 230 × 230 ÷ 1000 = ஏறக்குறைய 53. 750 வாட் என்றால் 70-க்குச் சற்று மேல். பிள்ளை இதைப் போட்டு வைத்துக்கொண்டு, மீட்டரை 200 ஓமில் வைத்து, பிளக்கின் இரண்டு சின்னப் பின்களிலும் முனையைத் தொட வேண்டும். எழுதிய எண்ணும் மீட்டர் காட்டும் எண்ணும் பக்கத்தில் பக்கத்தில் வரும்போது முகத்தைப் பார்க்க வேண்டும்.

எதுவும் காட்டவில்லையென்றால் காயில் போச்சு என்று உடனே முடிவு கட்டுவார்கள். முதலில் தெர்மோஸ்டாட் குமிழைப் பார். ‘ஆஃப்’பில் இருந்தால் எதுவும் காட்டாதுதான். திருப்பி வைத்தும் இல்லையென்றால் பின்மூடியைத் திறந்து, உள்ளே ஒயர் வந்து சேரும் இடத்தில் அளக்கவும். அங்கே 53 வந்தால் பழுது ஒயரில். ஒயரின் ஒரு முனைக்கும் மறு முனைக்கும் பீப் வைத்துக்கொண்டு, அயர்ன் பாக்ஸுக்குள் நுழையும் கழுத்தை மெல்ல வளைத்தால் பீப் விட்டு விட்டு ஒலிக்கும். நாள் முழுக்க மடங்கி நிமிரும் இடம் அது. ஒடிந்த இடத்துக்கு மேலே பதினைந்து சென்டிமீட்டர் தள்ளி வெட்டி, மறுபடி இணைத்தால் போதும். புது ஒயர் வேண்டாம். துணி உறை பொசுங்கியிருந்தால் மட்டும் 0.75 சதுர மில்லிமீட்டர் மூன்று கோர் துணியுறை ஒயர் வாங்கவும். இன்சுலேஷன் டேப் சுற்றி ஒட்டுப்போடுவது அயர்ன் பாக்ஸில் கூடாது, சூட்டில் பசை இளகிவிடும்.

பிளக்கில் புது ஒயர்களில் பழுப்பு பேஸ், நீலம் நியூட்ரல், பச்சை-மஞ்சள் எர்த். பழைய ஒயர்களில் சிவப்பு, கறுப்பு, பச்சை. எர்த் ஒயரை மற்ற இரண்டையும்விடக் கொஞ்சம் நீளமாக விட வேண்டும்: யாராவது இழுத்து ஒயர் பிடுங்கிக்கொண்டால் எர்த் கடைசியில்தான் விட வேண்டும். எர்த் பின் நீளமாக இருப்பதும் இதே யோசனைதான், முதலில் தொட்டுக் கடைசியில் பிரியும். இழைகளை முறுக்கி, திருகு இறுகும் பக்கமாகவே சுற்றினால் இறுக்கும்போது உள்ளே இழுத்துக்கொள்ளும்.

இந்த வேலையில் நடக்கக்கூடிய மோசமான தவறு, எர்த் ஒயரை உள்ளே உடல் திருகில் மாட்ட மறப்பது. மோசம் என்பது ஏனென்றால், அயர்ன் பாக்ஸ் ஒரு குறையும் இல்லாமல் சூடாகும். யாருக்கும் தெரியாது. அதனால் மூடியபின் இரண்டு அளவு கட்டாயம். எர்த் பின்னுக்கும் அடித்தட்டுக்கும் ஒரு ஓமுக்குள் வர வேண்டும். நான்ஸ்டிக் பூச்சில் முனையை வைத்தால் எதுவும் காட்டாது, வெளியே தெரியும் உலோகத் திருகில் வைக்க வேண்டும். அடுத்து, எர்த் பின்னுக்கும் மற்ற இரண்டு பின்களுக்கும் மெகா ஓம் ரேஞ்சிலும் எதுவும் காட்டக் கூடாது. எண் ஏதாவது வந்தால் காயிலில் ஈரமோ கசிவோ. அது வீட்டுக்குத் திரும்பிப் போகக் கூடாது.

சீரீஸ் போர்டு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 100 வாட் குண்டு பல்பைத் தொடரில் போட்டு ஃபேனைச் சோதித்தால் பல்பு மங்கலாக எரியும், ஷார்ட் என்றால் முழுசாக எரியும், நல்ல உத்தி. அயர்ன் பாக்ஸுக்கு அது சரிப்படாது. எரியும் பல்பின் தடை 529 ஓம், அயர்ன் பாக்ஸினுடையது 53. நல்ல அயர்ன் பாக்ஸிலும் பல்புக்கே 209 வோல்ட் போய்விடும், கிட்டத்தட்ட முழு வெளிச்சம். ஷார்ட்டுக்கும் நல்லதுக்கும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. இங்கே மீட்டர் சொல்வதுதான் தீர்ப்பு.

திறக்கக் கூடாதவை

மைக்ரோவேவ், பழைய குண்டு டிவி, இன்வெர்ட்டர், வாட்டர் ஹீட்டர், வீங்கிய மொபைல் பேட்டரி. கேஸ் அடுப்பில் பர்னர் மூடியை எடுத்துத் துளைகளை ஊசியால் சுத்தம் செய்யலாம். ட்யூப், ரெகுலேட்டர் பக்கம் கை போகக் கூடாது. குக்கரில் கேஸ்கெட் மாற்றலாம், சேஃப்டி வால்வில் வெளிச் சாமான் வேண்டாம்.

பிள்ளைகள் ஆசையாகக் கொண்டுவருவது கொசு பேட். அணைத்த பின்பும் அதன் கண்டென்சரில் ஆயிரம் வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். அதோடு, விலை மலிந்த கொசு பேட், சார்ஜ் டார்ச் பலவற்றில் 230 வோல்ட்டைக் குறைத்துப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபார்மரே கிடையாது. சார்ஜில் இருக்கும்போது உள்ளே தொடும் ஒவ்வொரு இடமும் 230 வோல்ட்டோடு நேரடித் தொடர்பில் இருக்கும். பார்க்கச் சின்னப் பொருள் என்பதால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. பெரியவர் டிஸ்சார்ஜ் செய்து, பேட்டரியைக் கழற்றிக் கொடுத்த பிறகு வலையை மட்டும் பிள்ளை ஒட்டலாம்.

சரிசெய்ய முடியாத பொருளைத் தூக்கிப் போடுவதற்கு முன் பிரிப்பதும் வகுப்பில் சேர்த்தி. செத்த அயர்ன் பாக்ஸிலிருந்து ஒயர், பிளக், கைப்பிடி, திருகுகள். செத்த ஃபேனிலிருந்து இறக்கை, கிரில் கிளிப், சுவிட்ச், மீட்டரில் சரியாகக் காட்டும் கண்டென்சர். ஒவ்வொன்றையும் அளவு எழுதி டப்பாவில் போட்டு வைத்தால் அடுத்த பொருளுக்கு உதவும். இரும்பும் செம்பும் காயலான் கடைக்கு. எமர்ஜென்சி லைட்டின் 4 வோல்ட் ஈய பேட்டரியைக் குப்பையில் போடாமல் பேட்டரி கடையில் கொடுங்கள், எடைக்குக் காசும் தருவார்கள்.